காகிதப் பட்டையில் பன்னிரண்டு பற்கள்

அரசு மருத்துவப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களில் ஒன்றை எழுதித் தருமாறு கேட்டிருக்கிறீர்கள். காலரா பரவிய ஆண்டுகளைப் பற்றியோ, மின்சாரம் இல்லாத ஊர்களில் செய்த அறுவைகளைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை எழுதினால் நான் சற்று உயரமாகத் தெரிவேன். சென்ற தை மாதம் என் மனைவியை இழந்தபின் உயரமாகத் தெரிவதில் எனக்கு அக்கறை குறைந்துவிட்டது. ஆகவே, எனக்குக் கீழே பணியாற்றிய ஒருவர்மீது நான் கொண்டிருந்த பொறாமையையும், அது ஒரு பெண்ணின் உயிர்வரை போய்த் திரும்பியதையும் எழுதுகிறேன்.

நாடு விடுதலை பெற்று ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்த காலம். இராமநாதபுரம் கடற்கரையில் பத்துப் படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனைக்கு நான் பொறுப்பேற்றேன். எனக்கு இருபத்தெட்டு வயது. காவிரிக்கரையில் பிறந்து, சென்னையில் படித்து, மருந்தியலில் பதக்கம் பெற்றவன். அங்கே எனக்குமுன் ஒன்பது ஆண்டுகளாக இருந்த கம்பவுண்டர் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர். எட்டாம் வகுப்புக்குமேல் பொதுப்படிப்பு இல்லாதவர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஊரிலும் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் எவருமில்லை.

அக்காலத்தில் நோயாளிகள் சீசாவைத் தாங்களே கொண்டுவர வேண்டும். கம்பவுண்டர் அதில் மூன்று நாளுக்கான தண்ணீர் மருந்தை ஊற்றி, ஒரு காகிதப் பட்டையை மடித்துக் கத்தரியால் ஓரத்தில் பற்கள் வெட்டி, சீசாவின் பக்கவாட்டில் நெடுகப் பசையால் ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை. எழுத்தறியாதவரும் மருந்து எந்தப் பல் வரை இறங்க வேண்டும் என்று பார்த்துக் குடிப்பார்கள். இது எல்லா மருத்துவமனைகளிலும் இருந்த வழக்கந்தான். பட்டையை ஒட்டியபின் இவர் கேட்ட கேள்விகள்தாம் வேறெங்கும் இல்லாதவை.

"ஏலே, வள்ளம் எப்ப எறக்குவ?"

"விடியுமுன்ன."

"கரைக்கு வாரது?"

"அது காத்து விட்ட வழி, கம்பவுண்டரய்யா."

"அப்ப ஒரு பல்லு வள்ளத்துல ஏறுமுன்ன. ஒரு பல்லு கரைக்கு வந்து வலையக் காயப் போட்டப்புறம். ஒரு பல்லு படுக்கையில. நடுக்கடல்ல குடிச்சுப்புட்டுக் கண்ணு சொக்கி விழுந்துராத. மீனு உன்னையத் தின்னுரும்."

"இந்தக் கசப்பக் குடிச்சவன மீனு தொடாதுங்க."

வரிசை சிரிக்கும். அடுத்து வரும் முஸ்லிம் பெண்ணிடம் அவர் மணிக்கணக்குச் சொல்வதில்லை. விடியற்காலைச் சுபுஹு பாங்குக்குப் பின் ஒரு பல், பிற்பகல் அஸர் பாங்குக்குப் பின் ஒரு பல் என்பார். ஏர்வாடி தர்காவுக்குப் போகும் வழியில் காய்ச்சலில் விழுந்தவரிடம் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பார். உள்நாட்டிலிருந்து வரும் ஆட்டுக்காரரிடம் கிடை எங்கே போட்டிருக்கிறது, தண்ணீருக்கு எங்கே போகிறாய் என்று கேட்பார். நான் மூன்று நிமிடத்தில் பார்த்து அனுப்பிய நோயாளி அந்த ஜன்னலில் ஐந்து நிமிடம் நிற்பார்.

என் அறைக்கும் அந்த ஜன்னலுக்கும் இடையே ஒரு மரத்தடுப்புத்தான் இருந்தது. ஒவ்வொரு சிரிப்பையும் நான் கேட்டேன்.

நான் தந்த சீட்டை எடுத்துச் சென்று அவரிடம் நீட்டி, "டாக்டரய்யா என்னதான் சொல்றாரு?" என்று கேட்பார்கள். அவர் சொன்ன பிறகே அவர்கள் முகம் தெளியும். அவர் விடுப்பில் போன வாரம் வெளிநோயாளிகள் பாதியாகக் குறைந்தார்கள். ஏன் என்று ஆயாவிடம் விசாரித்தேன். "கம்பவுண்டரய்யா வரட்டும்னு சீக்கத் தள்ளிப் போட்டிருக்காகய்யா" என்றாள் சாதாரணமாக. நான் விடுப்பில் போன வாரம் எவரும் எதையும் தள்ளிப் போட்டதாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் பொறுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் என் மனைவிக்கு மலேரியா கண்டது. நான்தான் மருந்து எழுதினேன். கம்பவுண்டர் சீசாவை வீட்டுக்கே கொண்டுவந்து, வாசலில் நின்றபடி, "அம்மா காலையில காப்பி எத்தன மணிக்குக் குடிப்பாங்க? வெறும் வயித்துல பட்டா கொமட்டும், அதுக்குத்தான்" என்று கேட்டார். அவள் உள்ளிருந்து பதில் சொன்னாள். அவர் போனபின் சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நேரா வெட்டியிருக்கார் பாருங்க, ரம்பப் பல் மாதிரி" என்றாள். சற்று நேரம் கழித்து, "நான் எப்போ காப்பி குடிப்பேன்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையே" என்றாள். அதில் குறை இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று இரவு உணவை நான் சரியாக உண்ணவில்லை.

இளம் நண்பர்களே, பொறாமை நம்மிடம் தன் சொந்த முகத்துடன் வருவதில்லை. நம்மைப் போன்ற படித்தவர்களிடம் அது ஒரு விதியின் வடிவில் வரும். ஆய்வுக்கு வந்த மேலதிகாரி, மருந்து ஜன்னலில் நெரிசல் மிகுதியாக இருப்பதாக ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். அந்த ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் என் கைப்பட ஓர் உத்தரவு எழுதினேன்: சீட்டில் உள்ளதை மட்டும் கம்பவுண்டர் வாசித்துச் சொல்ல வேண்டும், அதற்குமேல் நோயாளிகளிடம் வினவுதலோ உரையாடுதலோ கூடாது. நடை நன்றாக அமைந்திருந்தது. எழுதி முடித்ததும் பல நாள் தலைவலி ஒன்று இறங்கியதுபோல் இருந்தது.

அவர் அதை நின்றபடியே படித்தார். "சரிங்கய்யா" என்றார். தாமே கொண்டுபோய் ஜன்னலின் உட்புறம் ஒட்டினார், மருந்துச் சீசாவுக்கு ஒட்டும் அதே பசையால்.

அன்று ஜன்னலில் கேட்ட பேச்சு இவ்வளவுதான்.

"என்ன கம்பவுண்டரே, வாயில கொழுக்கட்டையா?"

அவர் காகிதத்தைக் காட்டியிருக்க வேண்டும்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல."

"எனக்குப் படிக்கத் தெரியுது. அதான் பேசல."

அதன்பின் மௌனம். அந்த மௌனத்தை நான் ரசித்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

உத்தரவு இட்டுப் பதினைந்து நாள் இருக்கும். கத்திரி வெயில். திருப்பாலைக்குடியிலிருந்து சைனம்பு என்ற பெண்ணை அவளுடைய மாமியார் அழைத்து வந்தார். இருபத்திரண்டு வயதிருக்கும், கணவன் கொழும்பில் கடையில் இருந்தான். காலில் கெளுத்தி முள் ஏறிச் சீழ் கட்டி, கணுக்கால் வரை வீங்கிக் காய்ச்சல். புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தேன். பென்சிலின் கையிருப்பு முடிந்திருந்ததால் சல்ஃபா மாத்திரைகள் எழுதினேன்: விழித்திருக்கும் வேளையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாக, நாளைக்கு எட்டு, மூன்று நாளுக்கு. அந்த மாத்திரை சிறுநீரில் உப்புப் பொடிபோலப் படிந்து அடைத்துக்கொள்ளக் கூடியது. அதைத் தடுக்கச் சோடா உப்பு கலந்த வெள்ளைத் தண்ணீர் மருந்து நாளைக்கு நான்கு வேளை. "நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்றும் சொன்னேன். அவள் தலையசைத்தாள். உதடுகள் காய்ந்திருந்ததைக் கண்டேன்; காய்ச்சல் என்று எண்ணினேன்.

கம்பவுண்டர் மாத்திரைகளையும், பன்னிரண்டு பற்கள் வெட்டிய பட்டை ஒட்டிய சீசாவையும் தந்து, சீட்டை வாசித்துச் சொல்லி அனுப்பினார். ஒரு நிமிடந்தான் ஆயிற்று.

நான்காம் நாள் முற்பகல் அவளை மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். கால் வீக்கம் வற்றியிருந்தது. ஆனால் முகம் ஊதியிருந்தது. இடுப்பின் இரு பக்கமும் தாங்க முடியாத வலி. முந்தின நாள் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று, அதன்பின் ஒரு சொட்டும் இல்லை.

"எப்போதிலிருந்து இல்லை?" என்றேன்.

"நேத்துப் பொழுதடைய இருந்துங்க, டாக்டரய்யா" என்றார் மாமியார். அதற்குமேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என் சிந்தனை எந்த வழியில் போயிற்று என்பதை நீங்கள் அறிய வேண்டும், ஏனெனில் அது உங்களுக்கும் கற்பிக்கப்பட்ட வழிதான். சீழ்ப்புண் ஆறிவரும் வேளையில் முகவீக்கம், இரத்தச் சிறுநீர், சிறுநீர்க்குறைவு. சிறுநீரக அழற்சி. பாடநூலில் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்க முடியாது. அதற்குச் சிகிச்சை: உப்பை நிறுத்துக, நீரைக் குறைக்க. சேர்க்கைச் சீட்டில் அழகாக எழுதினேன்: நாள் முழுதுக்கும் நாலே மிடறு அளவு நீர். அவளைப் பெண்கள் பகுதியில் படுக்கவைத்துவிட்டு, சீட்டை மாமியார் கையில் கொடுத்து மருந்து ஜன்னலுக்கு அனுப்பினேன்.

தடுப்புக்கு அப்பால் வழக்கத்துக்கு மாறாக ஒரு கேள்வி கேட்டது.

"ஆத்தா, அந்தப் பைய இங்கன காட்டுங்க. பழைய சீசாவா அது?"

பிறகு குரல்கள் தாழ்ந்தன. என் உத்தரவு மீறப்படுகிறது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. எழுந்து போகலாமா என்று நினைத்திருக்கையில் அவரே கதவருகில் வந்து நின்றார்.

"அய்யா, ஒண்ணு சொல்லலாங்களா?"

"சீட்டில் எழுதியிருப்பதைச் செய்யுங்கள்."

"அந்தச் சீட்டப் பத்தித்தாங்கய்யா."

"செய்யுங்கள் என்றேன்."

அவர் போகவில்லை. உள்ளே வந்து, என் மேசைமேல் அந்தச் சீசாவை வைத்தார். பட்டையின் பன்னிரண்டு பற்களில் இரண்டு பல் அளவே மருந்து இறங்கியிருந்தது. பக்கத்தில், மாத்திரை மடித்துக் கொடுத்த காகிதத்தைப் பிரித்து வைத்தார். அது காலியாக இருந்தது.

"நோன்புங்கய்யா" என்றார்.

அந்த ஒரே சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் முதலில் வந்த நாள்தான் ரமலானின் முதல் நோன்பு. முந்தின மாலை பிறை கண்டு ஊரெல்லாம் நகரா முழங்கியதைக் கேட்டுவிட்டு, ஏதோ திருவிழா என்று நான் ஜன்னலைச் சாத்தியிருந்தேன். நாள் முழுதும் வாயில் நீர் படாமல் இருப்பவள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எதைக் குடிப்பாள்? மாமியாரிடம் கேட்டறிந்த மிச்சத்தைக் கம்பவுண்டர் சொன்னார்: எட்டு மாத்திரைகளை விடியுமுன் உண்ணும் சஹருக்கு நாலும் நோன்பு திறந்து நாலுமாக விழுங்கியிருக்கிறாள். வெள்ளை மருந்து வயிற்றை நிரப்பி, சஹர்ச் சோறு இறங்கவிடவில்லை என்று அதை ஒதுக்கிவிட்டாள். அந்த வெயிலில், பகலெல்லாம் நீரின்றி, மாத்திரை சிறுநீரகத்தில் மணல்போல் படிந்து வழியை அடைத்துவிட்டது. அவளுக்கு இப்போது வேண்டியது நீர். நானோ நீரை நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தேன்.

இனி எழுதப்போவதை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. அது சரி என்று அறிந்த அந்தக் கணத்தில் நான் உடனே எழவில்லை. என் பேனாவின் மூடியை மெதுவாகத் திருகி மூடினேன், பிறகு திறந்தேன். அந்த நேரத்தில் என் மனத்தில் சைனம்பு இல்லை. இதை இவர் சொல்லி நான் திருத்துவதா என்பது மட்டுமே இருந்தது. அவர் தலை குனிந்து, என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். பார்த்திருந்தால் நான் பிடிவாதம் பிடித்திருக்கக் கூடும். அவர் பார்க்காமல் இருந்தது தற்செயல் என்று அன்று நினைத்தேன்.

சீட்டைக் கிழித்தேன். சோடா உப்பு கலந்த நீர், கால் மணிக்கு அரை டம்ளர், உடனே.

"ஆஸ்பத்திரிக் கெணத்துத் தண்ணி உப்புங்கய்யா. ஊருணித் தண்ணி ரெண்டு கொடம் ஏற்கெனவே காய வச்சிருக்கேன்" என்றார். அறைக்குள் வருவதற்கு முன்பே வைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் சரியாகத்தான் செய்வேன் என்று நம்பி வந்திருக்கிறார். அந்த நம்பிக்கையையும் என்னால் அப்போது மன்னிக்க முடியவில்லை.

நீர் வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

நண்பகல் லுஹர் பாங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. நோன்பு திறக்க இன்னும் ஆறு மணி நேரம். நான் விளக்கினேன். சிறுநீரகம், படிகம், அடைப்பு என்று என்னால் இயன்ற எளிய தமிழில் சொன்னேன். அவள் முக்காட்டை இழுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொழுது அடையட்டுங்க" என்றார் மாமியார். "ஒரு நோன்பும் விட்டதில்ல இந்தப் புள்ள."

"நோன்பு என்று முதல் நாளே என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

அவர் என்னை வியப்புடன் பார்த்தார். "சொல்லணுமா? ஊரே நோன்புல்ல."

கம்பவுண்டர் திரைக்கு வெளியே நின்று, "தங்கச்சி, சீக்காளிக்கு நோன்ப விட்டுட்டுப் பின்னால களா வைக்கலாம். ஒங்க மார்க்கத்துலயே உண்டு" என்றார்.

உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "அத நீங்க சொன்னா எப்படிங்க?"

"நாஞ் சொன்னா செல்லாதுதான். செல்லுற ஆளக் கூட்டியாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

ஒரு மைலுக்கு அப்பால் பள்ளிவாசல். அந்த வெயிலில் அவர் போய்வரும்வரை நான் படுக்கையருகில் நின்றிருந்தேன். பாடத்தில் படித்த எதுவும் அந்தப் பூட்டிய உதடுகளைத் திறக்கவில்லை. அவள் உள்ளங்கை சூடாக இருந்தது, நாடி துள்ளியது. அவர் சீக்கிரம் வர வேண்டும் என்று விரும்பினேன். அவர் வந்தால் அவரால்தான் இவள் பிழைப்பாள் என்பதும் கூடவே உறுத்தியது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

முக்கால் மணியில் சைக்கிள் வந்தது. பின்னிருக்கையில், ஒரு கையில் விரித்த குடையும் மறு கையில் கம்பவுண்டரின் சட்டையுமாக, பள்ளிவாசல் லெப்பை அமர்ந்திருந்தார். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ரோட்டுல ஒரு பள்ளத்தையும் விடல இந்த மனுசன்" என்றார் என்னிடம். பிறகு திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். "யாரு, சைனம்பா? கேளு மக. நோன்பு எங்கனயும் ஓடிப் போயிறாது. நீ போயிட்டா ஓன் நோன்ப யாரு களா வைப்பா? அல்லா சீக்காளிக்குத் தவணை குடுத்திருக்கான். நீ வேண்டாம்னு தள்ளாத. பிஸ்மி சொல்லிக் குடி."

பிறகு டம்ளர் பல்லில் படும் ஓசை கேட்டது. மாமியார் அழத் தொடங்கினார்.

லெப்பை வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "ஒவ்வொரு வருசமும் நோன்புக்கு முந்தி இந்தக் கம்பவுண்டர் என்கிட்ட வந்து உக்காந்துருவாருங்க. ஊசி போட்டா நோன்பு முறியுமா, காதுல மருந்து விட்டா முறியுமா, பால் குடுக்குறவ என்ன செய்யணும்னு ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதிக்குவாரு. இந்த வருசமும் வந்தாரு. கேட்டுட்டு, 'இந்த வாட்டி சொல்றதுக்கு எனக்கு வாயில்ல, நீங்க பள்ளியில சொல்லிருங்க'ன்னாரு. நானும் ஜும்ஆவுல சொல்லலாம்னு இருந்தேன்."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

கம்பவுண்டர் இதற்குள் மருந்து அறையிலிருந்து பெரிய கண்ணாடிச் சீசா ஒன்றைக் கழுவி நிரப்பி, அதற்கு நீளமான பட்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். கால் மணிக்கு ஒரு பல். மாமியாரிடம், "ஆத்தா, நீங்கதான் காவல். மணி பாக்க வேண்டாம். தஸ்பீ மணிய நிதானமா எத்தன சுத்து உருட்டுனா கால் மணி ஆகும்னு இப்ப ஒருக்கா உருட்டிப் பாத்துருவோம்" என்றார். அவர் உருட்ட, கம்பவுண்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். அத்தகைய கடிகாரம் ஒன்று அந்தப் பெண்மணியின் மடியிலேயே இருந்ததை நான் எண்ணியிருக்க மாட்டேன்.

அடைப்பு நீங்காமல் நீரை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரல் நிறையும். மதுரைக்கு அனுப்புவதானால் பஸ்ஸிலும் ரயிலிலுமாக அந்த வெயிலில் அவள் போய்ச் சேர்வாளா என்பது ஐயம். மறுநாள் காலைவரை பார்ப்பது என்று நான் தீர்மானித்தேன். அந்த ஒரு தீர்மானம் மட்டும் என்னுடையது. அது சரியாகவும் இருந்தது. விடிந்து நான் வந்தபோது ஆயா வாசலிலேயே நின்றிருந்தாள். "கொஞ்சம் வந்துருச்சுய்யா. டீத் தண்ணி மாதிரி. ஆனா வந்துருச்சு." மதியத்துக்குள் தடை உடைந்தது. சேர்த்ததிலிருந்து ஆறாம் நாள் அவள் நடந்தே வண்டியில் ஏறினாள்.

அவள் போன அன்று கம்பவுண்டர் என் அறைக்கு வந்தார். கையில் சிறு நோட்டு. "அய்யா, அந்தப் புள்ள விசயத்துல எம்மேல தப்பு இருக்கு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஜன்னல்ல பேசக் கூடாதுன்னு உத்தரவு. அதனால ஆஸ்பத்திரி முடிஞ்சப்புறம் அன்னன்னைக்கு மருந்து வாங்குனவங்க வீட்டுக்குப் போயிச் சொல்லிட்டு வந்துக்கிட்டிருந்தேன். திருப்பாலைக்குடி மட்டும் தூரம். வெள்ளிக்கெழம போவோம்னு வச்சிருந்தேன். அன்னைக்கே போயிருக்கணும்."

நோட்டை நான் வாங்கிப் பார்த்தேன். உத்தரவு இட்ட நாள் முதலான பெயர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு சிறு குறி. சைனம்பின் பெயருக்கு எதிரே குறி இல்லை. என் உத்தரவு அவரை ஒவ்வொரு மாலையும் எத்தனை மைல் மிதிக்க வைத்தது என்று நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது என்றும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் என் நாவரை வந்தது. "சரி, போங்கள்" என்றேன்.

ஜன்னலில் இருந்த உத்தரவை மறுநாள் விலக்கினேன். நெரிசல் குறைந்துவிட்டதால் விலக்கப்படுகிறது என்று காரணம் எழுதினேன். அதுவும் நல்ல நடையில் அமைந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறைமேல் 'பெரிய டாக்டர் அவர்களுக்கு' என்று இருந்தது. பிரித்தேன். சைனம்பின் கணவன், தன் மனைவிக்காக வெயிலில் லெப்பையைச் சைக்கிளில் கூட்டிவந்தவருக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தான். நான் ஒரு வரியிலும் இல்லை. அந்தக் கடிதத்தை ஒன்பது நாள் என் மேசை அறையில் வைத்திருந்துவிட்டுப் பத்தாம் நாள் அவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒங்களுக்கு வந்ததுங்கய்யா. பெரிய டாக்டர்னு போட்டிருக்கே" என்று மேசைமேல் திரும்ப வைத்தார். அதைச் சொல்கையில் அவர் குரலில் கேலி இருந்ததா என்று பல ஆண்டுகள் தேடிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது சிறிது. நாம் எழுதும் சீட்டு, சிகிச்சையில் ஒரு பாதி. அது நோயாளியின் நாளுக்குள் எந்த இடத்தில் போய் உட்காரும் என்று கேட்டறிவது மறுபாதி. அவர் எப்போது உண்கிறார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த ஓசையைக் கேட்டு எழுகிறார். இதற்கு எவரும் உங்களைப் பாராட்ட மாட்டார்கள்; எந்தப் படிவத்திலும் இதற்கு இடமில்லை. உங்களுக்குக் கீழே ஒருவர் இதைச் செய்துகொண்டிருந்தால், அவருக்கு எதிராக ஓர் உத்தரவு உங்கள் பேனாவில் ஊறத் தொடங்கும். அப்போது மூடியைத் திருகி மூடிவிடுங்கள், மறுபடி திறக்காதீர்கள்.

அவர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் போய், சில ஆண்டுகளில் இறந்தார். செய்தி எனக்கு ஓர் அஞ்சலட்டையில், இரண்டு மாதம் தாமதமாக வந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு அழுதாள். எவ்வளவு நேரம் அழுதாள் என்பதைக்கூட நான் கவனித்தேன்.

சென்ற ஆண்டு அவள் படுக்கையில் விழுந்தாள். இதயம். கண்பார்வையும் மங்கியிருந்ததால், மருந்துப் புட்டியுடன் வந்த சிறு அளவுக்கிண்ணத்தின் கோடுகள் அவளுக்குத் தெரியவில்லை. தானே ஊற்றிக் குடிப்பேன் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள். ஒரு நாள் நான் காகிதம் எடுத்து மடித்து, பற்கள் வெட்டி, சோற்றுப் பருக்கையால் புட்டியில் ஒட்டினேன். அதற்கு முன் அவளிடம் கேட்டேன், காலையில் காப்பி எத்தனை மணிக்கு வேண்டும் என்று. மணமாகி நாற்பத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறை. "ஆறரைக்கு" என்றாள். பிறகு புட்டியை வாங்கி, பட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அவர் வெட்டினது மாதிரி இல்லையே" என்றாள், சிரித்துக்கொண்டே.

எழுபதை நெருங்கும் வயதில், எப்போதோ இறந்துபோன ஒரு மனிதர்மீது, எனக்கு மறுபடி பொறாமை எழுந்தது. அன்று இரவு இன்னொரு பட்டை வெட்டிப் பார்த்தேன். அதுவும் கோணியது.

அந்தப் புட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. மூன்று பல் மருந்து மிச்சம். தினமும் ஆறரைக்கு நான் எழுந்துவிடுகிறேன்.